ஆறடித் தொட்டி

ஆரணித் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. வெளியூரிலிருந்து வாழ வரும் பெண்கள் முதல் ஒரு மாதம் அடுப்பைத்தான் குறை சொல்வார்கள். அடுப்பின் மேல் தப்பில்லை. இங்கே போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், குழாய் வாயை அடைக்கும், பட்டு நூலில் சாயம் ஏற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பதினொரு வருஷம் சாயப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது தெரியும்.

எஸ்.ஐ. இளமதி அம்மா கோடு போட்ட தாள் ஒரு கட்டு கொடுத்து, "நடந்தத நடந்தபடி எழுதுங்க, உங்க கையெழுத்துலயே இருக்கட்டும்" என்றார். எங்கிருந்து ஆரம்பிக்க என்று கேட்டேன். "எங்க ஆரம்பிச்சா எனக்குப் புரியுமோ அங்கேர்ந்து" என்றார். அவருக்குப் புரியவேண்டுமென்றால் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் தமிழ்செல்வன். வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. சாயப் பட்டறையை முதலாளி வேறு ஊருக்கு மாற்றியபோது நான் கூடப் போகாமல், மீன்தொட்டி பராமரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். அப்போது ஊரில் தொட்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் மீன் செத்துப்போகிறது என்றே புலம்பிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை மீனை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கூழாங்கல்லையெல்லாம் அலசி, புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். மீன் இரண்டே நாளில் மிதக்கும்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது விஷம். ஃபில்டரில் இருக்கும் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருந்து அந்த விஷத்தைத் தின்று, மீனைக் கெடுக்காத வேறொன்றாக மாற்றிவிடும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்தக் கிருமிகள் போய்விடும். ஆக, ரொம்பச் சுத்தமாக இருப்பவர்கள் வீட்டில்தான் மீன் நிற்காது. நான் கழுவாதீர்கள் என்றேன். மீன்கள் சாவது நின்றது. எனக்குக் கைராசி என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படித்தான் ராஜவேலு முதலாளி என்னைக் கூப்பிட்டார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய பட்டுப்புடவைக் கடை. மனைவியை இழந்தவர். மகன் பார்த்திபன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மகள் துர்கா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொள்கிறார். கடைக்குள் நுழைந்ததும் எதிரே ஆறடி நீளத்தில் ஒரு தொட்டி. அதில் ஒரே ஒரு அரோவானா மீன், வெள்ளித் தகடு அடித்த மாதிரி செதில்களோடு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிற கெடுதலை அந்த மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதை மீன் என்று சொல்லமாட்டார். பெரியவர் என்பார்.

காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வருவார். செருப்பை வாசலில் விட்டு நேராகத் தொட்டி முன்னால் வந்து நிற்பார்.

"இன்னா தமிழு, பெரியவர் இன்னா சொல்றாரு?"

"நல்லா இருக்காருங்க" என்பேன். அதற்குப் பிறகுதான் விளக்கேற்றுவார், கல்லாவைத் திறப்பார்.

பெரியவருக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் போர் தண்ணீரைக் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தேன். தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, மாறுகிற நிறத்தை வைத்து அளவு பார்ப்பேன். சாயக்காரன் கண் என்பதால் மற்றவர்களுக்கு ஒரே மஞ்சளாகத் தெரிவது எனக்கு மூன்று மஞ்சளாகத் தெரியும். அளவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஆறு வருஷத்தில் ஒரு நாள் கூடப் பொய் அளவு எழுதியதில்லை. அதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

முதல் பெரியவர் செத்தது என் கவனக்குறைவால். ஆர்.ஓ. மெஷின் பழுதாகி, நகராட்சித் தண்ணீரைப் பிடித்தேன். அன்றைக்கு அதில் குளோரின் தூக்கலாக இருந்திருக்கிறது. அதை முறிக்க நான் விட்ட மருந்து போதவில்லை. மறுநாள் காலை முதலாளி வெளியாள் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து இன்னொரு கடை திறக்கக் கையெழுத்துப் போடப் போக வேண்டியிருந்தது. வந்து பார்த்தார். மீன் மல்லாந்து கிடந்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"முதலாளி, தண்ணில தாங்க—"

"பேசாத தமிழு" என்றார். மீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நமக்கு வர வேண்டியத அவர் வாங்கிகினு போய்ட்டாரு." கையெழுத்துப் போடப் போகவில்லை. நாலு மாதம் கழித்து அந்தக் கூட்டாளியின் கட்டடம் கோர்ட்டு வழக்கில் மாட்டிக்கொண்டது. முதலாளி எனக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல அன்றைக்கு நான் வாயெடுத்தேன் என்பதற்கு அவரே சாட்சி. இப்போது அவர் இல்லை.

சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து அடுத்த மீன் வந்தது. அதுவும் பெரியவர்தான். ஒரு சாண் நீளம் இருந்தது.

அடுத்த வருஷம் துர்காவுக்குக் கலசப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒருநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், நான் தொட்டிக்குப் பின்னால் குனிந்து ஃபில்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துர்கா வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"எனக்கு இந்த மாப்ள வேணாம்னு நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே காது உள்ளவன் நான் ஒருவன்தான்.

எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். பி.ஹெச். என்று ஓர் அளவு உண்டு. ஏழு நடு. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஃபில்டரில் ஒரு பையில் கிளிஞ்சல் போட்டு வைத்திருப்பேன். தண்ணீர் புளித்துப்போகாமல் அதுதான் காக்கும். அந்தப் பையை எடுத்துவிட்டேன். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினேன். நாளாக நாளாகத் தண்ணீர் புளிப்பேறி ஆறுக்குக் கீழே இறங்கியது. புளிப்பில் ஃபில்டர் கிருமிகள் சோம்பிவிடும். அமோனியா சேரும். ஆனால் புளித்த தண்ணீரில் அமோனியா தூங்கிக்கொண்டிருக்கும், மீனை ஒன்றும் செய்யாது. தண்ணீர் காரமானால்தான் அது விழித்துக்கொள்ளும். பன்னிரண்டு நாள் அப்படிச் சேர விட்டு, நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நாலு வாளி போர் தண்ணீரும் கொஞ்சம் ஆப்ப சோடாவும் சேர்த்தேன். விஷம் எதுவும் வாங்கவில்லை. ஊரே குடிக்கிற தண்ணீர், ஊரே தின்கிற சோடா.

காலையில் முதலாளி வந்தார், பார்த்தார், கலசப்பாக்கத்துக்குப் போன் போட்டார்.

அன்று சாயங்காலம் துர்கா இரண்டு முழம் மல்லிகையைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் நல்ல காரியம் செய்யக்கூடியவன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பையன் பிறகு போளூரில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். குடியோ சூதோ எதுவும் இல்லை.

கொளத்தூரிலிருந்து மறுபடி ஒரு பெரியவர் வந்தார். இதற்குப் பிறகு முதலாளி என்னை வேறு மாதிரி நடத்தினார். மீனைப் பற்றி மட்டும் கேட்டவர், மற்றதையும் கேட்டார். புது வேன் எடுக்கலாமா, மாடியில் ரூம் கட்டலாமா. "பெரியவர கேட்டுச் சொல்லு தமிழு" என்பார். நான் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். அப்புறம் சொல்வேன். சின்ன விஷயங்களுக்குச் சாவு தேவைப்படவில்லை. பி.ஹெச். ஒரு புள்ளி இறங்கினால் பெரியவர் இரண்டு நாள் சாப்பிடமாட்டார், ஓரமாக ஒதுங்கி நிற்பார். அதுவே போதும்.

பொன்னுசாமி என்று ஒரு மூத்த விற்பனையாளர் இருந்தார். இருபது வருஷமாகக் கடையில் இருந்தவர். அவரை மேனேஜர் ஆக்கலாம் என்று முதலாளி யோசித்த வாரத்தில் பெரியவர் நாலு நாள் இரை எடுக்கவில்லை. முதலாளி அந்த யோசனையை விட்டார். பொன்னுசாமி மனம் நொந்து இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். அவர் என்னை எப்போதும் 'மீன்காரன்' என்றுதான் கூப்பிடுவார். அதற்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. அவருக்கும் வயதாகிவிட்டது.

போன தை மாதம் முதலாளிக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலாளி, துர்கா, நான். என்னையும் வரச்சொன்னது முதலாளிதான். டாக்டர் கம்ப்யூட்டரில் படம் காட்டி, மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்.

"பயப்பட ஒண்ணுமில்லைங்க. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க. ரெண்டு மாசத்துல பழையபடி கடைக்குப் போலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. தள்ளிப்போட்டா நான் எதுவும் சொல்ல முடியாது."

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது காரில் முதலாளி முன்சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"பெரியவர ஒரு வார்த்த கேட்டுக்கலாமா தமிழு?"

"அப்பா, டாக்டரே சொல்லிட்டாரு இல்ல?" என்றார் துர்கா. "இதுக்குமா?"

"கேட்டா தப்பில்லம்மா."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்திபன் லீவு போட்டுவிட்டு வந்தார். அப்பா தேறும்வரை கடையைத் தான் பார்ப்பதாகச் சொன்னார். மரியாதையான பிள்ளை, என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். இரண்டாம் நாள் தொட்டிக்கு முன்னால் டேப்பைப் பிடித்து அளந்தார்.

"அண்ணா, இந்த எடத்துல கண்ணாடி ஷோகேஸ் வெச்சா கல்யாணப் புடவைங்கள அடுக்கலாம். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதும் மாத்திடறேன். இருக்கும்போது செஞ்சா பேஜார்."

"பெரியவரு?"

"பெங்களூர்ல என் ஃப்ரெண்டு பெரிய குளம் கட்டி வெச்சிகினு இருக்கான். அதுல இந்த மாதிரி நாலு இருக்கு. ஜம்முனு இருக்கும். உங்கள யாரும் போகச் சொல்லல. பில் போடற எடத்துல உக்காருங்க."

"முதலாளி திரும்பி வந்து கேட்டாருன்னா?"

"உடம்பு சரியாயிடிச்சின்னா அவருக்கே இதெல்லாம் தேவப்படாது அண்ணா. பயத்துலதான கும்பிடறாரு."

குளத்துத் தண்ணீர் பெரியவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தோன்றியது. பெங்களூர் குளிரான ஊர். பிளாஸ்டிக் பைக்குள் ஆக்சிஜன் அடைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோனால் அதிர்ச்சியில் போய்விடுவார். பெரியவருக்காகத்தான் கவலைப்பட்டேன். இதை நான் துர்காவிடமும் சொன்னேன், எஸ்.ஐ. அம்மாவிடமும் சொன்னேன்.

அன்று கிளிஞ்சல் பையை எடுத்தேன். நோட்டில் எழுதியிருக்கிறது. ஏழு, ஆறே முக்கால், ஆறரை என்று இறங்கிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் ஐந்தரை. அமோனியாக் குழாயில் இதுவரை நான் பார்க்காத பச்சை. துர்கா அந்த நாட்களில் அடிக்கடி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். "அண்ணா, பெரியவர் நல்லா இருக்காரு இல்ல? நல்லா பாத்துக்கங்கண்ணா. இந்த வாரம் மட்டும் அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். புதன்கிழமை பிற்பகல் நாலு வாளி போர் தண்ணீர், ஒரு முழு பாக்கெட் சோடா.

வியாழன் காலை ஆறரைக்கு வாசலில் கார் நின்றது. பார்த்திபன் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முதலாளி பெரியவரிடம் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று உள்ளே வந்தார். நான் விளக்கைப் போட்டேன்.

பெரியவர் தரையோடு பக்கவாட்டில் கிடந்தார். செவுள் வெளியே விரிந்திருந்தது.

முதலாளி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த துர்கா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா, உங்களுக்கு வர்றத அவர் வாங்கிக்கினாருப்பா. அவ்ளோதான். இனிமே ஒண்ணும் ஆவாது. தெம்பாப் போலாம். வாங்கப்பா."

நல்ல யோசனை. எனக்கே அது தோன்றவில்லை. முதலாளியின் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன். எழுந்திருக்கப் போகிறவர் போல முழங்காலில் கை ஊன்றினார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"தமிழு, பெரியவர் இன்னா சொல்றாரு?"

துர்கா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"போவ வேணாம்னு சொல்லிட்டுப் போய்ட்டாருங்க" என்றேன்.

பைகளைத் திரும்ப இறக்கினார்கள். பார்த்திபன் கத்தினார், அழுதார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கடைசியில் பெங்களூருக்குப் போய்விட்டார். துர்கா என் வீட்டுக்கே வந்தார். "நீங்க சொன்னா கேப்பாருண்ணா. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. புது மீன் வாங்கி வெச்சி, அது போலாம்னு சொல்லுதுன்னு சொல்லுங்க." யோசிக்கிறேன் என்றேன். கொளத்தூருக்குப் போய்ப் புதுப் பெரியவரை வாங்கிவந்தேன். முதலாளி தினமும் கேட்டார். "இன்னும் பழகலீங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்று நான் தினமும் சொன்னேன்.

அந்த வியாழனிலிருந்து இருபத்து மூன்றாம் நாள், காலை பதினொன்றரை மணி. ஒரு கல்யாண வீட்டாருக்கு அரக்குப் புடவையை விரித்து முந்தானையைக் காட்டிக்கொண்டிருந்த முதலாளி, அப்படியே அதன் மேல் சாய்ந்தார். நான் பெரியவருக்கு இறால் போட்டுக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்து கடையைத் திறந்த அன்று, துர்கா தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியை ஒழித்திருக்கிறார். நோட்டு கிடைத்திருக்கிறது. நான் போனபோது அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். படித்த படிப்பு வீண்போகவில்லை.

"பன்னெண்டு நாள் எறங்கிகினே வருது. அப்புறம் ஒரே நாள்ல எட்டே காலுக்குப் போவுது. தானா இப்படி ஏறாதுண்ணா."

"ஏறாது பாப்பா" என்றேன்.

அவர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியில் விரலை வைத்தார்.

"இதுவும் எட்டு. இது என் நிச்சயதார்த்தத்துக்கு மொத நாள்."

ஆமாம் என்றேன். அவர் மீனிடம் சொன்னதை நான் கேட்டதையும், அவருக்காகவே செய்ததையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் கொஞ்சம் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் அழுதார். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது சரியில்லை என்று எடுத்துச் சொல்ல முயன்றேன். அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "வாங்க" என்றார். ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் நடந்தே வந்தோம்.

எஸ்.ஐ. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த செக்‌ஷன்ல போடறதுன்னே எனக்குத் தெரியல" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அளவுகளெல்லாம் சரியானவைதானா என்றார். ஒவ்வொன்றும் சரி என்றேன்.

துர்கா கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "மீனுக்காகன்னு சொல்றீங்க. கொளத்துல அது நல்லா இருந்திருக்கும். அந்த மீனத்தானே கொன்னீங்க?"

அதைத்தான் மூன்று நாளாக யோசித்தேன். சாயப் பட்டறையில் பதினொரு வருஷத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைப் போடு, அதை எடு என்பார்கள், அவ்வளவுதான். முதலாளி கேட்டார். அவ்வளவு பெரிய கடைக்காரர் காலையில் கல்லாவைத் திறக்குமுன் என் வாயைப் பார்த்து நின்றார். அது நின்றுபோகும் என்பது பார்த்திபன் சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. உடம்பு சரியாகி, பயம் தெளிந்து, ஷோகேஸ் வைத்த கடைக்கு அவர் வந்தால் நேராகக் கல்லாவுக்குத்தான் போவார். பில் போடுகிற இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பார்.

எஸ்.ஐ. அம்மா இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார். ஆபரேஷனுக்குப் போகாவிட்டால் அவர் செத்துவிடுவார் என்று தெரிந்தேதான் செய்தீர்களா, அதைத் தெளிவாக எழுதுங்கள் என்றார்.

அம்மா, அவர் சாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. வேலூர் டாக்டர் சொன்னதை அப்படியே நம்பினேன். போனால் அவர் நன்றாகப் பிழைத்து வந்துவிடுவார் என்று தெரிந்துதான் செய்தேன்.